வேலையை விடாமல் பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருக்க முடியுமா?

கேள்வி: ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபை என்னைப் போதகராக அழைத்திருக்கிறது. குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் தர அவர்களால் முடியாது. இப்போதுள்ள வேலையில் இருந்துகொண்டே ஊழியம் செய்யச் சொல்கிறார்கள். இப்படி வாழ்ந்து ஓய்வுபெற்றவர்கள் யாராவது தங்கள் அனுபவத்தைச் சொல்வீர்களா?

பதில்:

முடியும். நான் அப்படித்தான் வாழ்ந்தேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபைக்குப் போதகர். சபை என்னை 1988இல் அழைத்தது. 2019இல் பொறுப்பை ஒப்படைத்தேன். பட்டறை வேலை சபை அழைப்பதற்கு வெகு முன்பே தொடங்கியது. தின்னர் நெடி மூச்சைப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதை விட்டேன்.

உங்கள் கேள்வியில் ஒரு தயக்கம் தெரிகிறது. சம்பளம் தர முடியாத சபையின் அழைப்பு இரண்டாந்தர அழைப்போ என்ற தயக்கம் அது. எனக்கும் இருந்தது. அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் போதகரை நியமிப்பதும் மாற்றுவதும் பேராயர் தலைமையில் இயங்கும் திருமண்டலத்தின் பொறுப்பு. பாப்டிஸ்ட் சபைக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது. ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் சபைக்கூட்டத்தில் கூடி, ஜெபித்து, வாக்களித்துத் தங்கள் போதகரை அழைக்கிறார்கள். அவர்கள் போடும் காணிக்கையிலிருந்துதான் அவருக்குச் சம்பளம். எங்கள் சபையில் இருந்தவர்கள் கோழிப்பண்ணையில் கூலிக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள், போர்வெல் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடநாடு போய்விடும் இளைஞர்கள், இரண்டொரு ஆசிரியர்கள், விதவைகள். மழையில்லாத வருடத்தில் அவர்கள் வீட்டிலேயே அடுப்பு எரியாது. அவர்களிடம் முழுச் சம்பளம் கேட்டிருந்தால் அந்தச் சபைக்குப் போதகரே இருந்திருக்க மாட்டார். அழைக்கும் அதிகாரம் சபையிடம் இருக்கிறது, பணம் மட்டும் இல்லை என்ற நிலையில் உலகமெங்கும் பாப்டிஸ்ட் சபைகள் பலமுறை நின்றிருக்கின்றன. அப்போதெல்லாம் வேலைக்குப் போகும் போதகர்கள்தான் அவற்றைத் தாங்கியிருக்கிறார்கள்.

பாப்டிஸ்ட் போதகரான வில்லியம் கேரியை எல்லோரும் வேதாகம மொழிபெயர்ப்பாளராக, மிஷனரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மோல்ட்டன் என்ற ஊரில் போதகராக இருந்தபோது அவர் பள்ளிக்கூடம் நடத்தியும் செருப்புத் தைத்தும்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1793இல் வங்காளம் வந்தார்; அடுத்த ஆண்டே மால்டா அருகே முத்னாபட்டியில் ஓர் அவுரித் தொழிற்சாலையின் மேலாளர் ஆனார். இனி எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று தம்மை அனுப்பிய சங்கத்துக்கு எழுதினார். அங்கிருந்தவர்களுக்கு அது மகிழ்ச்சியாக இல்லை. உலக வியாபாரத்தில் சிக்கிவிடப் போகிறீர் என்று எச்சரித்துக் கடிதம் எழுதினார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அதே எச்சரிக்கையை நானும் கேட்டிருக்கிறேன். 1801இல் கேரி கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியரானார். பெற்ற சம்பளம் செராம்பூர் மிஷனின் பொதுப்பணத்தில் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் அவருடைய வங்காளப் புதிய ஏற்பாடு அச்சானது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தாலே கொல்லிமலை தெரியும். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மலையில் பிரசங்கமும் செய்தார், மருந்தும் கொடுத்தார், தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார். 1929இல் காய்ச்சலில் இறந்தார். மலையிலேயே பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவர், மருத்துவம் படிக்கும் முன் சில ஆண்டுகள் கட்டட வேலை பழகியவர். தாயார் எவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பிப் போய் முதுமையிலும் ஊழியம் செய்தார், 1974இல் காலமானார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் அந்த அம்மையாரைக் குதிரையில் பார்த்த கதையைச் சொல்வார்கள். உடல் உழைப்பும் ஊழியமும் ஒட்டாதவை என்று இந்தப் பகுதியில் யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் பிழைப்புக்காகக் கூடாரம் தைத்ததைக் காட்டிச் சபைகள் தப்பித்துக்கொள்வதை நான் ஏற்கவே மாட்டேன். கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்த அதே பவுல்தான், சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு கிடைக்க வேண்டும் என்று அந்தச் சபைக்கே எழுதினார். அந்த உரிமையை அவர் தாமாக விட்டுக்கொடுத்தார். சபை அவரிடமிருந்து பறிக்கவில்லை. எங்கள் சபை எனக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தது. அறுவடை நேரத்தில் அரிசி வரும், பண்ணையில் வேலை செய்பவர்கள் முட்டை கொண்டுவருவார்கள். சபைக்குக் கொஞ்சம் வசதி வந்த பிறகு, எனக்குத் தேவை குறைந்திருந்தும், அந்தத் தொகையை நிறுத்த நான் சம்மதிக்கவில்லை. கூட்டிக் கொடுத்ததை அடுத்த போதகருக்கென்று தனிக் கணக்கில் போடச் சொன்னேன். கொடுத்துப் பழகாத சபைக்கு எனக்கு இருப்பதுபோல் கைத்தொழில் கைவசம் இல்லாத ஒருவர் வந்தால் அவர் குடும்பம் பட்டினி கிடக்கும்.

இனிப் பட்டறை. ஹோசூரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குக் கேபினும் தொட்டியும் கட்டி, பெயின்ட் அடித்து, எழுத்து எழுதி அனுப்புவது எங்கள் ஊர்த் தொழில். பழைய வண்டிகள் எஃப்.சி.க்குப் போகும் முன் புதிதாக அடித்துக்கொள்ள வரும். அப்போது நேஷனல் பர்மிட் வண்டி என்றால் சருகுப் பழுப்பு நிறம், வெள்ளைக் கரை. கதவில் உரிமையாளர் பெயர், ஊர், வெற்று எடை, சுமை எடை. வண்டிக்கு இவ்வளவு என்று பேசிக் கூலி. இந்தக் கூலி முறைதான் என் ஊழியத்தைக் காப்பாற்றியது. சபையில் ஒரு மரணம் என்றால் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் போவேன்; அடக்க ஆராதனை முடித்து வந்து இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் மீதியை முடிப்பேன். ஞாயிறு வரமாட்டேன் என்பதை முதலாளியிடம் முதலிலேயே பேசிவிட்டேன். திங்கள்கிழமை டெலிவரி என்றால் சனிக்கிழமை இரவு எவ்வளவு நேரமானாலும் நின்று முடித்துக் கொடுப்பேன். அவர் ஒருமுறைகூட அந்தப் பேச்சை மீறவில்லை.

நான் இறையியல் கல்லூரிக்குப் போனதில்லை. வேலையில் இருப்பவர்களுக்காகவே பெங்களூரு டாஃப்டீ அமைப்பு நடத்தும் பாடங்களை வீட்டிலிருந்தே படித்தேன். பிரசங்கத் தயாரிப்பில் பாதி பட்டறையிலேயே நடந்தது. பட்டி வைத்து உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்குக் கை போதும், மனம் சும்மா இருக்கும். திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத்து வேதப்பகுதியைப் படித்து மனத்தில் போட்டுக்கொள்வேன். வியாழனுக்குள் சொல்ல வேண்டியது பிடிபட்டுவிடும். அருகில் வேலை செய்பவர்களிடம் ஒரு வரியைச் சொல்லிப் பார்ப்பேன். சபைக்கு வராத அவர்களுக்குப் புரிந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு எடுத்துப் போவேன்.

சாமி படம், சாமி பெயர் எழுதும் விஷயத்தை எப்படிச் சமாளித்தேன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். லாரியின் நெற்றியில் கடவுள் பெயர் இல்லாமல் வண்டி வெளியே போகாது. பக்கத்தில் வேலை செய்த இன்னொரு பெயின்டரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். படமும் வேண்டுதல் வாசகமும் அவர் எழுதுவார். அவருக்கு வராத ஆங்கில எழுத்தையும் எடைக் கணக்கையும் அவர் வண்டிகளுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். யாரையும் குறைசொல்லி நான் மறுத்ததில்லை, அதனால் யாருக்கும் வருத்தம் வந்ததில்லை. ஆயுதபூஜைக்கு எல்லோரோடும் சேர்ந்து பட்டறையைக் கழுவுவேன், பிரஷ்களையும் டப்பாக்களையும் துடைத்து அடுக்குவேன், பூஜைக்கு முன் கிளம்பிவிடுவேன். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம் என்பதால், முதலாளியின் மனைவி பொரியும் கடலையும் படைப்பதற்கு முன்பே என் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். நான் கேட்டு அவர் செய்ததில்லை. எங்கள் நம்பிக்கையை அத்தனை நுட்பமாகப் புரிந்துகொண்டு மதித்தவரை நான் வேறெங்கும் சந்திக்கவில்லை.

இந்த இரட்டை வாழ்க்கை எனக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று நான் நம்புகிறேனோ, அதைச் சொல்கிறேன். பெயின்ட் காயும்வரை ஓட்டுநர்கள் பட்டறையிலேயே நாள்கணக்கில் தங்குவார்கள். தேய்த்துக்கொண்டிருக்கும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு எளிதாக வரும். 1990களின் பிற்பகுதியில் அந்தப் பேச்சு மாறியது. உடம்பு இளைக்கிறது, காய்ச்சல் விடவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. அதிகம் பரவிய மாவட்டமாக நாமக்கல் பெயர் அறியப்பட்ட காலம் அது. வீட்டில் சொல்லாததை, மருத்துவரிடமும் முழுதாகச் சொல்லாததை, பெயின்ட் படிந்த சட்டையோடு இருந்த என்னிடம் சொன்னார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒரு போதகரிடம் அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்போது அந்த நோய்க்கு ஏழைகளுக்கு எட்டும் மருந்து இல்லை. சிலரைத் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். சிலரைப் புதைத்தேன். உறவினர்கள் தூரத்தில் நிற்க, நானும் பட்டறைக்காரர்களும் மட்டும் உடலைத் தூக்கிய அடக்கங்கள் உண்டு. அந்தப் பட்டறைக்காரர்களில் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை.

அந்த நோயோடு வந்தவர்களில் ஒரு ஓட்டுநர் ஞானஸ்நானம் கேட்டார். பாப்டிஸ்ட் முறைப்படி அது தண்ணீரில் முழுதாக மூழ்கி எழும் முழுக்கு ஞானஸ்நானம். கேட்பவர் சபைக்கூட்டத்தில் தம் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் ஏற்க வேண்டும். அவர் தம் நோயை மறைக்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அதே தொட்டித் தண்ணீரில் அடுத்து எங்கள் பிள்ளைகள் இறங்குவதா என்று கேட்டார்கள். திருவிருந்தில் எல்லோரும் பகிர்ந்து குடிக்கும் கோப்பையைப் பற்றியும் கேட்டார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த ஒரு சகோதரி, தண்ணீரிலும் கோப்பையிலும் இந்த நோய் பரவாது என்று பொறுமையாக விளக்கினார். நான் சொன்னது ஒன்றுதான்: அவரோடு தண்ணீரில் நிற்பது நான், முதலில் இறங்குவதும் நான். வாக்கெடுப்பில் சபை அவரை ஏற்றது. சில குடும்பங்கள் விலகிப் போயின. அவர்களில் சிலர் பிறகு வந்தார்கள், சிலர் வரவே இல்லை. முழுச் சம்பளத்துக்கு அந்தக் குடும்பங்களின் காணிக்கையை நம்பியிருந்தால் அன்று என் குரல் அவ்வளவு தெளிவாக வந்திருக்குமா என்பதை யோசித்துப் பாருங்கள். என் அடுப்பு பட்டறைக் கூலியில் எரிந்தது. அதனால் சபையில் யாருக்கும் பயப்படாமல் பேச முடிந்தது.

2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த ஓட்டுநர் மருந்து தவறாமல் எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் மகள் திருமணத்தை நான்தான் நடத்திவைத்தேன்.

திருமணம் என்றதும் உங்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவருக்கு உரிமம் தேவையில்லை. நம்மைப்போன்ற போதகருக்கு அரசு உரிமம் வேண்டும். அது கைக்கு வரும்வரை உரிமம் உள்ள வேறொரு போதகரை அழைத்துத்தான் திருமணங்களை நடத்தினோம். காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் நடத்தக் கூடாது என்ற நேரக் கட்டுப்பாடும் பொதுவாக உண்டு. சபை அழைத்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது என் மனைவி. பகலில் நோயாளிகளைப் போய்ப் பார்த்தவர் அவர்தான். பெண்கள் கூட்டத்துக்கு வேதபாடம் நடத்தியவரும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சபை ஒருவருக்கு அழைப்புக் கொடுத்து இருவரிடம் வேலை வாங்கியது. இது எங்கள் சபைக்கு மட்டும் உரிய குறை இல்லை, வேலைக்குப் போகும் போதகர் உள்ள ஒவ்வொரு சபையிலும் நடக்கிறது. எனக்குப் பின் வந்தவருடைய அழைப்பைப் பேசிய கூட்டத்தில், அவர் மனைவி எதைச் செய்ய விரும்புகிறார், எதைச் செய்ய விரும்பவில்லை என்று அவரையே கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். கேட்டார்கள். அந்த அம்மையார் தாம் வங்கி வேலையில் இருப்பதால் வாரநாள் கூட்டங்கள் முடியாது என்றார், சபை ஏற்றுக்கொண்டது. உங்கள் வீட்டிலும் முதலில் அந்தப் பேச்சை முடித்துவிட்டுச் சபைக்குப் பதில் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு சனிக்கிழமை மாலை எனக்கு இருந்ததே இல்லை. அதற்கு ஈடாகத் திங்கள் இரவை அவர்களுக்கென்று வைத்தேன். யார் கூப்பிட்டாலும், மரணம் தவிர, போகமாட்டேன். இதைச் சபையிலும் அறிவித்துவிட்டேன். மக்கள் மதித்தார்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பட்டறையில் எனக்கு பி.எஃப். இல்லை, சபையில் ஓய்வூதியம் இல்லை. கம்ப்யூட்டரில் வெட்டும் ரேடியம் ஸ்டிக்கர் வந்த பிறகு எழுத்து வேலை பாதியாகக் குறைந்தது. பிறகு பெரும்பாலும் அடிப்பு வேலைதான். அஞ்சலகத்தில் மாதாமாதம் ஆர்.டி. கட்டினேன், அது முதிர்ந்ததும் ஒரு சிறு மனை வாங்கினேன். சபைக்குச் சொந்தமான வீட்டில் குடியிருக்கச் சொன்னால் யோசியுங்கள். பொறுப்பை விடும் நாளில் வீட்டையும் விட வேண்டியிருக்கும். அந்த வயதில் வாடகை வீடு தேடி அலைந்த போதகர்களை நான் அறிவேன்.

ஓய்வுக்குப் பிறகு முதல் ஓராண்டு வேறு ஊர்ச் சபையில் ஆராதித்தேன். பழைய போதகர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் புதியவர் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது திரும்பிவந்து சாதாரண உறுப்பினனாக இருக்கிறேன். சபைக்கூட்டத்தில் எனக்கும் ஒரு வாக்குதான். வழக்கு வம்போடு என் வீட்டுக்கு வருபவர்களைப் போதகரிடம் அனுப்பிவிடுகிறேன். போதகர் இல்லாத சிறு சபைகள் அழைத்தால் பஸ் பிடித்துப் போய்ப் பிரசங்கித்துவிட்டு வருகிறேன். மூச்சு இரைத்தாலும் அது எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆகவே அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன், உங்கள் வேலை ஞாயிற்றுக்கிழமையை விட்டுத்தருமானால். மாதத் தொகை எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் உங்கள் குடும்பத்துக்கு, மனைவியிடம் சபை எதிர்பார்ப்பது என்ன என்பதையெல்லாம் சபைக்கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், ஷிப்ட் முறையா என்பதை எழுதினால், நேரத்தைப் பங்கிடுவது பற்றி இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.